முட்டி போட்ட பஸ்

காலை எட்டு பத்துக்கு மாதா கோவில் ஸ்டாப்பில், டிரைவர் எதையும் தொடாமலே பஸ் முட்டி போட்டது.

"ஸ்ஸ்ஸ்..." என்று ஒரு பெருமூச்சு விட்டது. இடதுபக்கம் மெதுவாக ஒரு சாண் இறங்கியது. ஏற வேண்டியவர்கள் ஏறினார்கள். கதவு மூடியதும் இன்னொரு பெருமூச்சு விட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் நிமிர்ந்துகொண்டது.

டிரைவர் இன்னாசிராஜ் தன் கைகளைப் பார்த்தார். இடது கை ஸ்டீயரிங்கில் இருந்தது. வலது கை நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று சிலுவை போட்டு முடித்து உதட்டில் நின்றது. பஸ்ஸைக் குனிய வைக்கிற சுவிட்சை அமுக்க வேண்டுமானால் அவருக்கு மூன்றாவதாக ஒரு கை இருந்திருக்க வேண்டும்.

"ண்ணா, சுவிட்ச அமுக்குனீங்களா?" என்று கேட்டான் கண்டக்டர் அல்தாப்.

"இல்லியேப்பா. நீ?"

"நான் இங்கல்ல டிக்கெட் கிழிச்சிட்டிருக்கேன்."

"அப்ப யாரு?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். ரோட்டோரக் கெபிக்குள் நீல முக்காடு போட்ட மாதா சொரூபம், இரண்டு கையையும் விரித்தபடி நேராக பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னாசிராஜுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

இந்த பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தருமபுரி வளர்ந்த வளர்ச்சி அப்படி. போன வருஷம் கேழ்வரகு விளைந்த காட்டில் இந்த வருஷம் பிளாட் கல் நட்டிருக்கிறது. அடுத்த வருஷம் அதில் மூன்று மாடி எழும்பி மேலே தண்ணீர்த் தொட்டியும் வைத்துவிடுகிறார்கள். ஊர் நீண்டுகொண்டே போக, புகையும் கூடவே நீண்டது. அதனால் புகையில்லாத பேட்டரி பஸ் ஒன்றை முப்பது நாள் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. காலையில் அதியமான்கோட்டையிலிருந்து டவுனுக்கு. சாயங்காலம் பென்னாகரம் ரோட்டுப் பக்கம். முப்பது நாளும் பழுதில்லாமல், புகாரில்லாமல் ஓடினால் இன்னும் பத்து பஸ் வரும். பழுது என்று ஒரு வரி எழுதிவிட்டால், இருக்கிற ஒன்றும் லாரியில் ஏறி பெங்களூருக்குத் திரும்பிவிடும்.

பஸ் வந்த அன்று ஊரே வாயைப் பிளந்தது. சத்தமே இல்லாமல் ஒரு வீடு நகர்ந்து வருவதுபோல் அது பஸ் ஸ்டாண்டுக்குள் வந்தபோது, பெரிய மனிதர்கள்கூட எஞ்சினைத் தேடிக் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் பக்கவாட்டில் கையை வைத்து, "ஜில்லுன்னு இருக்குதுப்பா, மாட்டு மூக்கு மாதிரி" என்றார். உள்ளே ஒரு பெண் குரல், "அடுத்த நிறுத்தம், மாதா கோவில்" என்று சொன்னதும், முன் சீட்டில் இருந்த ராயம்மாள், "சரிங்க கண்ணு, இறங்கிக்கறேன்" என்று பதில் சொன்னாள்.

எல்லோரையும்விட அசந்துபோனவர் இன்னாசிராஜ்தான். பத்தொன்பது வருஷம் பென்னாகரம் ரூட்டில் டப்பா மினி பஸ் ஓட்டியவர். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முட்டி தேய்ந்துபோய், கோவிலில் எல்லோரும் முழங்கால் போடும்போது இவர் மட்டும் பெஞ்சியில் உட்கார்ந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருப்பார். "இனிமே கிளட்ச் வண்டி ஓட்டுனீங்கன்னா முட்டியை மாத்தணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் கிளட்சே இல்லாத இந்த வண்டி வந்தது. மூன்று நாள் பயிற்சி. சொல்லிக்கொடுக்க வந்தவர் பாதி இந்தியிலும் மீதி இங்கிலீஷிலும் பேச, இன்னாசிராஜ் எல்லாவற்றுக்கும் தலையாட்டியே பாஸ் செய்தார். பஸ் போனால் அவருக்குத் திரும்பவும் மினி பஸ், திரும்பவும் கிளட்ச். அதற்குமேல் முட்டியும் இல்லை, பிழைப்பும் இல்லை.

ஆகவே அந்த நாலாம் நாள் சனிக்கிழமை, பழுதுப் புத்தகத்தை எடுத்த அல்தாப்பின் கையை அவர் பிடித்துக்கொண்டார்.

"எழுதாதப்பா."

"தானா குனியுதேண்ணா?"

"ஒரு தடவைதான குனிஞ்சுது? சளி பிடிச்சவன் ஒரு தடவை தும்மறதில்லியா?"

பெங்களூர் என்ஜினியருக்கு மட்டும் போன் போட்டு, பட்டும் படாமலும், "கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் கோளாறு காட்டுதுங்களா?" என்று கேட்டார். என்ஜினியர் பார்த்துவிட்டு, "ஏனு இல்லா சார், எல்லா சரியாகிதே" என்று, ஒன்றுமில்லை என்பதைக் கன்னடத்தில் சொல்லி போனை வைத்துவிட்டார்.

வீட்டில் மனைவி அமுதாவிடம் சொன்னார். அமுதா அரிசியைக் களைந்துகொண்டே கேட்டாள்.

"சிலுவை போடும்போதா குனிஞ்சுது?"

"ஆமா."

"நாளைக்குப் போடாம பாருங்க. குனியலைன்னா உங்க சிலுவைக்குத்தான் குனியுதுன்னு அர்த்தம்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைடி! அன்னிக்குப் போயி மாதா முன்னால சும்மா நிக்கச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு கிறிஸ்தவச்சியா?"

"டெஸ்டுன்னா டெஸ்டுதாங்க."

ஞாயிற்றுக்கிழமை எட்டு பத்துக்கு இன்னாசிராஜ் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கை துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். பஸ் குனியவில்லை. விறைப்பாக நின்றது.

திங்கட்கிழமை சிலுவை போட்டார். "ஸ்ஸ்ஸ்..."

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொய்யில்லை, பொலபொலவென்று வந்தது. என்னால் முட்டி போட முடியவில்லை என்று தெரிந்துதானே தாயே, எனக்குப் பதிலாக என் வண்டியைப் போட வைக்கிறாய் என்று மனசுக்குள் கும்பிட்டார். பத்தொன்பது வருஷத்தில் அவருக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

அன்றைக்கே முன் சீட்டு ராயம்மாள் பார்த்துவிட்டாள். பார்த்தவள் சும்மா இருப்பாளா?

"மாதாவே! பஸ்ஸு முழங்கால் போடுதே!"

"அக்கா, மெதுவா, மெதுவா..." என்றார் இன்னாசிராஜ்.

"என்னத்த மெதுவா? புதுமை தம்பி, மாதா செஞ்ச புதுமை! இதை மறைச்சா பாவம்!"

சொந்த பந்தம், பக்கத்துத் தெரு, அன்பியச் செபக் கூட்டம், பால் சொசைட்டி என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் ராயம்மாள் சொல்லிவிட்டாள். வியாழக்கிழமைக்குள் ஸ்டாப்பில் ஐம்பது பேர். காலேஜ் பிள்ளைகள், டவுனில் வேலைக்குப் போகிறவர்கள், பூக்காரர்கள் என்று வழக்கமாக ஏறுகிறவர்களுக்கே நிற்க இடமில்லை. எல்லோரும் பஸ்ஸின் முகத்தையும் மாதாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பஸ் குனிந்ததும் ஐம்பது வாயிலிருந்தும் ஒரே மூச்சில் "ஆஆ" என்று ஒரு சத்தம் வரும். ஒருவர் முன் கண்ணாடியில் மாலை போட வந்தார். இன்னொருவர் பேட்டரி பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றப் பார்த்தார். அல்தாப் பாய்ந்து போய் ஊதி அணைத்தான்.

பங்கு சாமியாரிடம் போனார்கள். அவர் வந்து, நின்று, பார்த்து, சிரித்தார்.

"ஒண்ணுமில்லம்மா, காத்து இறங்குது. காத்து இறங்கினா வண்டி குனியும். அவ்வளவுதான்."

"அதான் ஃபாதர் நாங்களும் சொல்றோம். காத்து ரூபத்துல எறங்குறது வேற யாரு?" என்றாள் ராயம்மாள்.

சாமியார் மணியைப் பார்த்துக்கொண்டு கோவிலுக்குத் திரும்பி நடந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்த கூட்டமெல்லாம் அப்படியே ரோட்டுக்கு வந்து நின்றது. ஐந்நூறு பேர் இருப்பார்கள். பஸ் வந்தது, நின்றது. இன்னாசிராஜ் ஒன்றுக்கு மூன்று தடவை சிலுவை போட்டும் பார்த்துவிட்டார். ம்ஹூம். குனியவேயில்லை. கூட்டம் முணுமுணுத்தது. இன்னாசிராஜுக்கு மானம் போன மாதிரி இருந்தது. ராயம்மாள்தான் காப்பாற்றினாள்.

"இன்னிக்கு என்னா கிழமை? கர்த்தருடைய நாள். வேலை செய்யலாமா? பஸ்ஸுக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியலியே!"

கூட்டம் அப்படியே உருகிப்போயிற்று. ஓய்வு நாளையும் அனுசரிக்கிற பஸ்!

இதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. செவ்வாய்க்கிழமை தர்கா ஸ்டாப்பில் கட்டில் பீரோ கடை வைத்திருக்கும் ஹயாத் பாஷா, பஸ்ஸை நிறுத்தி, கையில் டீயோடு டிரைவர் ஜன்னலுக்கு வந்தார். நல்ல மனிதர். கோபமே வராது. அதனால்தான் பயமாக இருந்தது.

"டிரைவர் சார், டீ சாப்பிடுங்க."

"இருக்கட்டும் பாய், லேட்டாயிடும்."

"ஒரு நிமிசம். கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? இது பொது வண்டிதானுங்களே?"

"ஆமாங்க பாய்."

"நல்லாருக்கணும். ரொம்ப மரியாதை தெரிஞ்ச வண்டின்னு ஊரே பேசுது. நம்ம அவுலியா அடக்கமான இடத்துல மட்டும் நட்டமா நின்னுட்டுப் போகுதே, அதான் நம்ம ஜனங்க கேக்கறாங்க. நான் கேக்கலீங்க."

புகார் என்று ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது. இன்னாசிராஜ் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சட்டென்று சுவிட்சை அமுக்கினார். "ஸ்ஸ்ஸ்..." தர்கா முன்னால் பஸ் குனிந்தது. ஹயாத் பாஷா நெஞ்சில் கை வைத்து, "மாஷா அல்லாஹ்" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர். இன்னாசிராஜுக்கு ஒரு பக்கம் சந்தோஷமாகவும், ஒரு பக்கம் திருடிய மாதிரியும் இருந்தது.

அடுத்த நாள் மாரியம்மன் கோவில் ஸ்டாப்பில் கமிட்டித் தலைவர் தமிழ்மணி ரோட்டின் நடுவிலேயே நின்றார். அவர் டீயெல்லாம் கொண்டுவரவில்லை.

"ஏனுங்க டிரைவரண்ணா, அம்மன் என்னா பாவம் பண்ணுனா?"

"அய்யோ, ஒண்ணும் பண்ணலீங்க."

"அங்க குனியுதாம், இங்க குனியுதாம், எங்க ஆத்தாகிட்ட மட்டும் நெஞ்ச நிமித்துதாம்?"

இன்னாசிராஜ் அமுக்கினார். அம்மனுக்கும் குனிந்தது. அதோடு விட்டதா? முனியப்பன் கோவில்காரர்கள் வந்தார்கள். பிள்ளையாருக்கு ஏன் இல்லை என்று ஒரு கேள்வி. நாலு ரோட்டில் இருக்கிற சிலைக்காரர்கள் வந்து, "எங்க தலைவருக்கு ஒரு தடவை போடுங்க போதும்" என்றார்கள். ஒரு தடவை போட்டதும் எதிர்ச் சிலைக்காரர்கள் வந்தார்கள். அதியமான்கோட்டையிலிருந்து டவுன் வரைக்கும் பஸ் குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து, மாமியார் வீட்டுக்கு முதன்முதலாக வந்த மருமகன்போல் போய்க்கொண்டிருந்தது. பதினாறு நிமிஷம் லேட். வேலைக்குப் போகிறவர்கள் கத்தினார்கள். நேரம் தப்பினால் அதுவும் ஒரு குறைதான், அதையும் எழுதுவார்கள்.

"ண்ணா, எங்கிட்ட விடுங்க. நான் மைக்ல சொல்லி முடிச்சிடறேன்" என்றான் அல்தாப்.

சொன்னான். அழகாகத்தான் சொன்னான். "பயணிகள் கவனத்துக்கு! இந்த பஸ்ஸு எந்தச் சாமிக்கும் முட்டி போடலீங்க. ஏறி இறங்க வசதிக்காகக் காத்து இறங்குது, அவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் ராயம்மாள், ஹயாத் பாஷா, தமிழ்மணி மூன்று பேரும் முதல்முறையாக ஒரே ஷேர் ஆட்டோவில் ஏறி டெப்போவுக்கு வந்தார்கள்.

"எந்தச் சாமிக்கும் இல்லைன்னு சொல்ல இவன் யாரு?" என்றாள் ராயம்மாள்.

"மனசு கஷ்டப்படுதுங்க" என்றார் ஹயாத் பாஷா.

"மைக்க பிடுங்கிடுவேன்" என்றார் தமிழ்மணி.

அல்தாப் மூன்று பேரிடமும் மன்னிப்புக் கேட்டான். அவன் வீட்டில் மனைவி ஷாஹீன் தனியாக இன்னொரு கச்சேரி வைத்தாள். "தர்காவுக்கு நேர்ந்துகிட்டுப் பொறந்தவங்க நீங்க. அத மைக்ல போய் காத்துன்னு சொல்லுவீங்களா?"

எல்லாவற்றுக்கும் வேர் அந்த மாதா கோவில் ஸ்டாப்தான் என்று இன்னாசிராஜுக்குப் புரிந்தது. அங்கே தானாகக் குனிவதால்தான் மற்ற இடத்திலெல்லாம் குனிய வைக்க வேண்டியிருக்கிறது. அங்கேயே நிற்காவிட்டால்?

இருபத்தேழாம் நாள், திங்கட்கிழமை. "மன்னிச்சிரு தாயே" என்று சொல்லிக்கொண்டு, சிலுவையும் போடாமல், மாதா பக்கம் திரும்பியும் பார்க்காமல், ஸ்டாப்பைத் தாண்டி ஐம்பது அடி போய் நிறுத்தினார். ஜனங்கள் திட்டிக்கொண்டே பின்னால் ஓடிவந்து ஏறினார்கள். ஓட முடியாதவர்கள் மெதுவாக வந்தார்கள். அவர்களுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். பாவம், அந்த அளவுக்கு நல்ல மனிதர்.

"ஸ்ஸ்ஸ்..."

பஸ் குனிந்தது.

இன்னாசிராஜ் தன் இரண்டு கையையும் பார்த்தார். சிலுவை போடவில்லை. சுவிட்சைத் தொடவில்லை. மாதா ஐம்பது அடி பின்னால் இருக்கிறார். மெதுவாக இடதுபக்கம் திரும்பிப் பார்த்தார். பஸ் முட்டி போட்டுக்கொண்டிருந்த இடம் டாஸ்மாக் கடை வாசல்.

கடை திறக்க இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. அதற்குள் வந்து காத்திருந்த இரண்டு பேர் பார்த்தார்கள். ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். மற்றவர் எழுந்து நின்று வேட்டியை இறக்கிவிட்டு, பஸ்ஸுக்குத் திரும்ப ஒரு கும்பிடு போட்டார். அதைக் காலேஜ் பிள்ளை ஒருத்தி வீடியோ எடுத்தாள்.

மத்தியானத்துக்குள் அந்த வீடியோ மாரண்டஹள்ளி வரைக்கும் போய்விட்டது. சாயங்காலம் போன் வந்தது. சோதனை ஓட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி குமார். "இன்னாசிராஜ், புதன்கிழமை காலைல நானே வர்றேன். வண்டி தானா குனிஞ்சுதுன்னா அது பழுது. வியாழக்கிழமை லாரி வந்துடும்."

அன்று இரவு இன்னாசிராஜ் சோற்றைத் தள்ளி வைத்தார். இடது முட்டியைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"நான் மாதாவை விட்டுட்டுத் தாண்டிப் போனேன்ல, அதான் சாராயக் கடையில கொண்டுபோய் முட்டி போட வெச்சுட்டாங்க" என்றார்.

அமுதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை டெஸ்டு கிஸ்டு என்று எதுவும் சொல்லவில்லை. "பஸ்ஸு போனா போகட்டுங்க. உங்க கால் இருக்குதுல்ல" என்றாள். அது இருக்காதே என்றுதான் அவருக்கு அழுகையாக வந்தது.

புதன்கிழமை எட்டு பத்து. மாதா கோவில் ஸ்டாப்பில் எள் போட்டால் எள் விழாது. பஸ் போகப்போகிறது என்று தெரிந்ததும் ஊர் ஒன்றாகிவிட்டது. ராயம்மாள் செபமாலையோடு முன்னால் நின்றாள். அவளுக்கு இந்தப் பக்கம் தொப்பி போட்ட ஹயாத் பாஷா. அந்தப் பக்கம் கையில் எலுமிச்சம்பழத்தோடு தமிழ்மணி. மூன்று பேரும் தங்கள் தங்கள் சாமியிடம் ஒரே வேண்டுதலைத்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, தாயே, இன்னிக்கு ஒரு நாளு மரியாதை வேணாம்மா. நிமிந்து நிக்கட்டும்மா" என்றாள் ராயம்மாள்.

"யா அல்லாஹ், குனிய வேணாம்" என்றார் ஹயாத் பாஷா.

"ஆத்தா, நீ பெரிய மனசு பண்ணி விட்டுக்குடு" என்றார் தமிழ்மணி.

குமார் பஸ்ஸுக்குள் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே நின்றார். கையில் அட்டை, அட்டையில் படிவம். "கையை மேல தூக்குங்க இன்னாசிராஜ். ரெண்டையும்."

கதவைத் திறந்துவிட்டு இன்னாசிராஜ் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார். அல்தாப்பும் எதற்கும் இருக்கட்டும் என்று தூக்கிக்கொண்டான். அதைப் பார்த்து வெளியே நின்ற பாதிப் பேர் தூக்கினார்கள். ரோட்டில் போன லாரிகூட வேகத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டு போயிற்று.

ஒரு விநாடி. இரண்டு. மூன்று. பஸ் அசையவில்லை. இன்னாசிராஜுக்கு உயிர் வந்தது. நிற்கிறது தாயே, நிமிர்ந்து நிற்கிறது!

"ஸ்ஸ்ஸ்ஸ்..."

மெதுவாக, மிக மெதுவாக, அவ்வளவு பெரிய பஸ் அத்தனை பேர் கண்முன்னே தலை சாய்த்து இடதுபக்கம் தணிந்தது. ராயம்மாள் கையிலிருந்த செபமாலை நழுவியது. ஹயாத் பாஷாவும் தமிழ்மணியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். வேண்டாம் என்று வேண்டிக்கொண்ட பிறகும் குனிகிற பஸ்ஸைப் பார்த்து, பயத்தாலா பக்தியாலா என்று தெரியாமல் கூட்டம் முழுக்கக் கை கூப்பியது. இன்னாசிராஜின் கைகள் மேலேயே இருந்தன. எந்தக் கையும் எதையும் தொடவில்லை என்பதைக் குமாரே பார்த்தார். அவர் முகத்திலும் ரத்தம் இல்லை.

அவர் பேனாவைத் திறந்தார். "தெளிவான பழுது. டிரைவர் தொடாம குனியுது. நாளைக்கு லாரிக்குச் சொல்லிடறேன்."

"சார்... சார், ஒரு தடவை... என் முட்டி சார்..." என்றார் இன்னாசிராஜ். கையைக் கீழே இறக்கக்கூட மறந்துபோய் அப்படியே அழுதார்.

"கொஞ்சம் வழி விடறீங்களா?" என்று நடுக்கதவுப் பக்கம் ஒரு குரல் கேட்டது.

எல்லோரும் திரும்பினார்கள். தோளில் பையும், வலது முட்டியில் ஊன்றிய கையுமாக ஒரு பெண் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் செல்லம்மாள். பஸ் வந்த நாலாம் நாள் சனிக்கிழமையிலிருந்து, ஞாயிறு தவிர தினமும் இதே பஸ்ஸில் போகிறவள். சின்ன வயசிலேயே போலியோ வந்து சூம்பிய கால். நடக்கும்போது இடுப்பு வரைக்கும் வளைந்துதான் நடப்பாள்.

அவள் குமாரையும், அழுகிற டிரைவரையும், தூக்கிய கைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒன்றும் விளங்காமல் முழித்துவிட்டுச் சொன்னாள்:

"பழுதெல்லாம் இல்லீங்க சார், கதவுக்கு வெளிய இடுப்பு உசரத்துல கால் முடியாதவங்க படம் போட்டு ஒரு நீலப் பட்டன் இருக்குது, அதை நாந்தான் தெனமும் அமுக்கிக் குனிய வெச்சு ஏறிட்டிருக்கேன், ஏனுங்க, இத்தன நாளா இத்தன பேரு இங்க நின்னு பாத்தீங்களே, என்னைய ஒருத்தரு கூடவா பாக்கல?"